துடைக்கிற வேகத்துலதான் விஷயம் இருக்கு

பொதுச்சுவர்லயும் ரயில்லயும் ஸ்பிரே பெயின்ட்டால பேர் எழுதிட்டுப் போறாங்களே, எதுக்கு? "வேலையத்த பசங்க" என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் காரணம் தெரிந்தால்தான் அதை நிறுத்த முடியும். நியூயார்க் சப்வே இதற்கு நல்ல உதாரணம்.

1971-ல் நியூயார்க் டைம்ஸ் ஒரு பையனைப் பற்றிச் செய்தி போட்டது. போகிற இடமெல்லாம் 'டாக்கி 183' என்று எழுதுவான். டாக்கி செல்லப்பெயர், 183 அவன் தெருவோட நம்பர். அதைப் பார்த்து இன்னும் பல பசங்க கிளம்பிட்டாங்க. அவர்களுக்கு ரயில் ரொம்பப் பிடித்தது. ஏன்னா, ரயில் ஊர் முழுக்க ஓடும், பேரும் கூடவே ஓடும். நாலு பேர் பார்க்கணும், அதுதான் அவங்களுக்குக் கூலி.

பயணிகளுக்கோ பயம். 'இந்த இடத்தை யாரும் கவனிக்கல' என்ற எண்ணத்தை அந்த எழுத்துகள் உண்டாக்குவதாக 1979-ல் சமூகவியலாளர் நேதன் கிளேசர் எழுதினார்.

ரயில் நிற்கிற யார்டுக்கு வேலி போட்டுப் பார்த்தார்கள், நாயும் விட்டார்கள். 1984-ல் பொறுப்புக்கு வந்த டேவிட் கன் வேறு வழியில் போனார். ஒருமுறை சுத்தம் செய்த பெட்டி எழுத்தோடு ஓடவே கூடாது. துடைக்கணும், இல்லன்னா ஓட்டத்திலிருந்து எடுத்துடணும். ராத்திரி கண்முழிச்சு எழுதினது யார் கண்ணுலயும் படலன்னா, மறுபடி எழுத யாருக்கு மனசு வரும்? 1989 மே 12-ல், எழுத்து இருந்த கடைசி ரயிலும் ஓட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது.

ஆசை மட்டும் போகவில்லை. அடுத்து ஜன்னல் கண்ணாடியைக் கீற ஆரம்பிச்சாங்க. கண்ணாடி மேல், உரித்து மாற்றக்கூடிய பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டியதாயிற்று.

நம்ம வீட்டுச் சுவர், தெருச் சுவருக்கும் இதே கணக்குதான். இரும்பு கேட்டில் பெயின்ட் மேலாக நிற்கும். செங்கல்லும் கல்லும் அதை உறிஞ்சிவிடும், நாளாக நாளாக எடுப்பது கஷ்டம். பெயின்ட் ரிமூவரை முதலில் ஒரு மூலையில் தடவிப் பாருங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், எழுத்து போனாலும் கல்லில் கீறல் நிற்கும். பழைய கோயில், கோட்டைச் சுவர்ல நீங்களா கை வைக்காதீங்க, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.

துடைச்ச இடத்துல மறுபடி எழுதுவாங்க, சலிச்சுப் போகும். அப்பவும் மறுநாளே துடைச்சிடுங்க. முதலில் சலிப்பது அவங்களா இருக்கட்டும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.