எட்டுக்குப் பத்தடியில் ஓர் ஆபீஸ்

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் கனகம்மாசத்திரம். ஊர்ப் பெயரில் சத்திரம் உண்டு. கடைகளில்தான் வந்தவர் உட்கார இடம் இருக்காது. முன்பக்கம் சில்லறை வியாபாரம், பின்பக்கம் சரக்கு, நடுவே தடுத்த ஓர் அறை. அதைத்தான் நாம் ‘ஆபீஸ்’ என்கிறோம். வணிகப் பெருமக்கள் பலருக்கும் இது சொந்தக் கதையாகவே இருக்கும்.

என் ஆபீஸ் எட்டடிக்குப் பத்தடி, அதாவது 80 சதுர அடி. சில ஆண்டுகளுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கையில், நகரிப் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர் மளிகைப் பட்டியலோடு வந்தார். அறைக்குள் வெல்ல மூட்டைகள், மூலையில் மிளகாய். நின்றபடியே பாதிப் பட்டியலைப் படித்தவர் இரண்டு முறை தும்மினார். “இங்க நின்னா மூச்சு முட்டுதுண்ணா, அப்புறமா வரேன்” என்று கிளம்பினார். வரவில்லை. காவடிக் கூட்டத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய் அத்தனையும் வேறு கடையில் எடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. என் விலையை அவர் கேட்கவே இல்லை.

அறையை இடித்துப் பெரிதாக்க வழியில்லை. ஒரு பக்கம் அடுத்த கடையின் சுவர், மறுபக்கம் கிடங்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு டேப்பை எடுத்துக்கொண்டு, தரையை அடைத்து நிற்கும் ஒவ்வொன்றையும் அளந்தேன். மேசை ஐந்தடிக்கு இரண்டரை: பன்னிரண்டரை சதுர அடி. இரண்டு இரும்பு பீரோக்கள் சேர்ந்து 9. உள்பக்கம் திறக்கும் இரண்டரையடிக் கதவு சுழல்வதற்கு மட்டும் ஏறக்குறைய 5 சதுர அடி. அங்கே ஒரு ஸ்டூல்கூடப் போட முடியாது. மூட்டைகள் 20க்கு மேல். என் நாற்காலிக்கும் பீரோக் கதவு திறப்பதற்கும் போக, வந்தவர் நிற்க 20 சதுர அடிகூட மிஞ்சவில்லை. சுவரைக் குறை சொல்லிப் பயனில்லை, தரை கண்ணில் படாததுதான் நெருக்கடி என்று அன்று தெரிந்தது.

பீரோவைத் திறந்தால் 1990களின் விற்பனை வரிச் சீட்டுகள், எப்போதோ மூடிய கம்பெனிகளின் விலைப்பட்டியல்கள். நம்மில் பலர் பயத்தில்தான் காகிதம் சேர்க்கிறோம். ஜி.எஸ்.டி. சட்டம் கேட்பது இதுதான்: ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் இருக்க வேண்டும். 2022–23க்கான கடைசித் தேதி 31.12.2023, எனவே அந்த ஆண்டின் கணக்கு 2029 டிசம்பர் முடியும் வரை. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரையோ மேற்சொன்ன 72 மாதம் வரையோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆடிட்டரிடம் பட்டியலைக் காட்டி அவர் சரி என்ற பிறகே பழையதைக் கழித்தேன். பத்திரங்களில் மட்டும் கை வைக்கவில்லை. ஒரு பீரோ காலியாயிற்று. அதை விற்ற பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, கதவைத் தள்ளு கதவாக மாற்றினேன்.

மேசை விஷயத்தில் பழைய மண்டிக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய. கொத்தவால்சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போகுமுன், சிறுவயதில் அப்பாவோடு அந்தப் பக்கம் போவேன். முதலாளி மெத்தை விரித்துத் திண்டில் சாய்ந்திருப்பார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை, முன்னால் சாய்வான சிறு மேசைப்பெட்டி. பேரேடு, பேனா, சில்லறை எல்லாம் அதற்குள்ளேயே. வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை ஓரத்தில் உட்காருவார். இன்று ஒரு சுழல் நாற்காலியும் ஒரு மேசையும் அடைக்கும் இடத்தில் அன்று ஐந்து பேர் பேரம் பேசினார்கள். தரையில் உட்கார்ந்தால் பார்வை தாழும், கூரை உயர்ந்து தெரியும். அதனால் அந்த இடம் சிறியதாகவே தோன்றாது. முழங்கால் வலிக்காரனான எனக்கு இனி மெத்தை ஒத்துவராது. அதனால் மேசையை மூன்றரைக்கு இரண்டடியாகக் குறைத்து, அறை நடுவில் குறுக்கே போடாமல் பக்கச் சுவரை ஒட்டிப் போட்டேன். கல்லாப்பெட்டி மட்டும் பழையபடி வடக்குப் பார்த்தே இருக்கிறது. அதை நகர்த்த வீட்டில் ஒப்பவில்லை.

கரும்பச்சைச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். வெள்ளைச் சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும், கரும்பச்சை விழுங்கிவிடும். என் தலைக்குப் பின்னால் இருந்த டியூப் லைட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றினேன், மூலை இருட்டுப் போயிற்று. கம்பெனிகள் கொடுத்த காலண்டர்கள் ஏழு தொங்கின; ஒன்று போதும். ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றும் உணவுப் பாதுகாப்பு உரிமமும் பார்வையில் படும்படி இருக்க வேண்டியவை. அவற்றை ஒரே வரிசையில் மாட்டினேன்.

கண்ணாடி மாட்டினால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்று சலூன்காரர் யோசனை சொன்னார். உண்மைதான். ஆனால் நான் முதலில் மாட்டிய இடத்திலிருந்து, ரோட்டில் நிற்பவருக்கும் கல்லாவில் நோட்டு எண்ணுவது தெரிந்தது! அன்றே கழற்றி, வாசலைப் பார்க்காத பக்கச் சுவரில் மாட்டினேன். கண்ணாடி மாட்டுகிறவர்கள் முதலில் வாசலில் போய் நின்று பார்த்துவிடுங்கள்.

இப்போது சுவரோடு மடங்கும் இருக்கைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று வருகிறவருக்கு, இன்னொன்று கடைப் பையனுக்கு. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. இடமில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

மிளகாய் கிடங்குக்குப் போய்விட்டது. சரக்கு உள்ளே வராமலிருக்கத் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். ஆனாலும் ஆடி வந்தால் வெல்லம் வந்துதானே ஆகும். போன ஆடியில் இரண்டு மூட்டை கோட்டைத் தாண்டி உள்ளே இருந்தன. “மழை வருதுண்ணா, ஒரு ராத்திரிதான்” என்றான் பையன். அவன் சொன்னதும் நியாயம்தான். காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக இரண்டு பேருமாகத் தூக்கி வெளியே வைத்தோம்.