நாலு பேட்டரியையும் மாற்றுவதற்கு முன்...

தெருத்தெருவாகப் போய் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டியோ, ஆள் ஏற்றும் இ-ரிக்‌ஷாவோ, காலையில் ஃபுல் சார்ஜோடு கிளம்பி மதியத்துக்குள் படுத்துவிட்டால் அன்றைய பொழப்பு போச்சு. மெக்கானிக்கிடம் போனால் "செட்டே போயிடுச்சு, நாலையும் மாத்திடுங்க" என்பார். உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடும் 48 வோல்ட் வண்டியில் பொதுவாக 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் 6 செல், மொத்தம் 24. அதில் ஒன்று கெட்டாலும் வண்டி இழுக்காது. அந்த ஒன்று எது என்று கண்டுபிடிப்பதுதான் சோதனை.

பலரும் செய்யும் தப்பு, சார்ஜ் முடிந்ததுமே மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது. அந்த நேரத்தில் வீக்கான பேட்டரிகூட நல்ல வோல்ட்டேஜ் காட்டி ஏமாற்றும். சார்ஜரைக் கழற்றி நாலைந்து மணி நேரம் வண்டியைச் சும்மா விடுங்கள். பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஃபுல் சார்ஜ். 12.1 என்றால் ஏறக்குறைய பாதிதான். மூன்று 12.6 காட்டி, ஒன்று மட்டும் 10.5 பக்கம் நின்றால் அதில் ஒரு செல் செத்துவிட்டது என்று சந்தேகப்படலாம். ஒரு செல்லின் பங்கு சுமார் 2.1 வோல்ட்.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஃபுல் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 1.265 முதல் 1.280 வரை காட்ட வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் கோளாறு அங்கேதான். தண்ணீர் ஊற்றிய கையோடு அளக்காதீர்கள், கலக்க நேரம் வேண்டும். அளவுகளைத் தேதியோடு செல்போனில் குறித்து வையுங்கள். அடுத்த முறை வாரண்டி கேட்கப் போகும்போது பேச உங்களிடம் கணக்கு இருக்கும். ஆனால் செட் ரொம்பப் பழசு என்றால் புதியது ஒன்றை மட்டும் சேர்ப்பது வீண்செலவு. பழைய மூன்றும் அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பராமரிப்பில் முக்கியம் தண்ணீர். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். குழாய்த் தண்ணி, கேன் தண்ணி எதுவும் ஆகாது. ஆசிட் ஊற்றவே கூடாது, குறைவது தண்ணீர்தான். சார்ஜ் ஆன பிறகு ஊற்றுங்கள், முன்னாடியே நிரப்பினால் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் போடுங்கள்.

ராத்திரி வந்ததும் சார்ஜில் போடும் பழக்கம் வேண்டும். காலியாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடம் வேண்டும், பீடி, சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். கண்ணாடி, கையுறை போடுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஆசிட் பட்டால் உடனே நிறைய தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

கழற்றிய பேட்டரியை, உடைத்து உருக்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக் கேளுங்கள்.