பன்னிரண்டாவது சுருள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் பெரியம்மாவுக்கு, அதன்பின் தினமும் ஒரு தமோக்சிஃபென் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது ‘ஹார்மோன் சிகிச்சை’ என்றார் மருத்துவர். பெரியம்மா குழம்பிப்போனார்.

“ஹார்மோனாலதான் கட்டி வளருதுன்னாங்க. இப்ப ஹார்மோன் மாத்திரையே கொடுக்கிறாங்களே, ஏன் கண்ணு?”

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிப்பவர் என்பதால் என்னிடம் கேட்டார். “இது ஹார்மோன் இல்ல பெரியம்மா, ஹார்மோனைத் தடுக்கிற மருந்து. பூட்டுக்குள்ள வேறொரு சாவி போய் அடைச்சுக்கிற மாதிரி” என்றேன். உயர்நிலைப் பள்ளியில் நொதிகளைப் பற்றிப் படித்தபோது மனத்தில் பதிந்த உவமை. அது பாதிதான் சரி என்பது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் வடிவத்தை மடிக்கணினியில் சுழற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இந்த ஏற்பி 595 அமினோ அமிலங்களால் ஆன புரதம். பெரும்பாலும் உயிரணுவின் கருவுக்குள் இருக்கும். அதன் நடுப்பகுதி, துத்தநாக அணுக்கள் தாங்கிப் பிடிக்கும் இரண்டு ‘விரல்களால்’ டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும். ஹார்மோன் வந்து அமரும் பகுதியோ 12 சுருள்கள் சேர்ந்த ஒரு கட்டு. அதற்குள் ஒரு பை. எஸ்ட்ராடியோல் மூலக்கூறின் ஒரு முனையை 353ஆம் இடத்துக் குளுட்டமேட்டும் 394ஆம் இடத்து ஆர்ஜினினும் பிடிக்கின்றன. மறுமுனையை 524ஆம் இடத்து ஹிஸ்டிடின் பிடிக்கிறது. பூட்டு என்றால் சாவிக்கு அளவெடுத்துச் செய்திருக்க வேண்டும் அல்லவா? இந்தப் பையின் கொள்ளளவு எஸ்ட்ராடியோலைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன்கூட உள்ளே நுழைய முடிவது அதனால்தான்.

உண்மையான கதை பன்னிரண்டாவது சுருளில் இருக்கிறது. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகத்தினரும் சுவீடன் ஆய்வாளர்களும் பங்கேற்ற குழு, எக்ஸ்ரே படிகமுறையில் இந்தப் பகுதியின் வடிவத்தை 1997ல் வெளியிட்டது. எஸ்ட்ராடியோல் உள்ளே வந்ததும் பன்னிரண்டாவது சுருள் மூடிபோலப் பையின்மேல் படிகிறது. அப்போது ஏற்பியின் மேற்பரப்பில் ஒரு பள்ளம் உருவாகிறது. துணைப் புரதங்கள் அந்தப் பள்ளத்தில் வந்து ஒட்டினால்தான் மரபணுக்கள் முடுக்கப்பட்டு, உயிரணு பெருகத் தொடங்கும்.

மறு ஆண்டே தமோக்சிஃபெனுடன் சேர்ந்த வடிவமும் வெளிவந்தது. (கருத்தடை மருந்தாகும் என்ற எதிர்பார்ப்பில் 1960களில் உருவாக்கப்பட்டு, அதில் தோற்றுப்போன மருந்து இது.) கல்லீரல் சற்றே மாற்றியமைத்த அந்த மூலக்கூறும் அதே பையில்தான் அமர்கிறது. ஆனால், அதன் நீண்ட பக்கச் சங்கிலி வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் மூடி படிய முடிவதில்லை. தள்ளப்பட்ட சுருள், துணைப் புரதங்கள் வந்து ஒட்ட வேண்டிய பள்ளத்திலேயே போய்ப் படுத்துக்கொள்கிறது. ஏற்பி தன் உறுப்பைக் கொண்டே தன்னை அடைத்துக்கொள்கிறது.

இந்தத் தடை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எந்தத் துணைப் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பது திசுவுக்குத் திசு மாறும். கருப்பையில் தமோக்சிஃபென் ஓரளவு ஈஸ்ட்ரோஜன்போலவே செயல்படுகிறது. வழக்கத்துக்கு மாறான இரத்தப்போக்கு இருந்தால் உடனே வரச் சொல்லிப் பெரியம்மாவிடம் மருத்துவர் வலியுறுத்தியது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் படித்தேன், அதை அவரிடம் சொல்லவில்லை. நோய் பரவி, நெடுநாள் சிகிச்சை பெற்ற சிலருக்கு 537 அல்லது 538ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. இரண்டும் மூடி தொடங்கும் இடத்தில் இருப்பவை. ஹார்மோன் இல்லாமலேயே மூடி படிந்து, ஏற்பி ஓயாமல் வேலை செய்கிறது. அத்தகையோருக்காக, ஏற்பியையே சிதைக்கும் எலாசெஸ்ட்ரான்ட் மாத்திரைக்கு 2023ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

இரண்டு வடிவங்களையும் அருகருகே வைத்துப் பெரியம்மாவிடம் காட்டினேன். சிவப்பு வண்ணமிட்ட சுருளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இத்துனூண்டுதானா?” என்றார்.

நீங்களும் பார்க்கலாம். புரதத் தரவு வங்கி இணையத்தில் இலவசம். ஹார்மோனுடன் உள்ளது 1இஆர்இ, மருந்துடன் உள்ளது 3இஆர்டி.