சுட்டியவர் வேறு, எழுதியவர் வேறு

போன மாசம் ஒரு சின்ன நிரல் எழுதப் போய், நான் யாரோ ஒருத்தருடைய உழைப்பை என் பெயரில் போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். வேணும்னு செய்ததில்லை. ஆனாலும் செய்தது நான்தான்.

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஏரி, கல்வெட்டு, நடுகல் பற்றி யார் எழுதினாலும் அந்த இணைப்பை ஒரு சமூகப் புக்மார்க் தளத்தில் சேர்த்து வைப்பேன். அந்தத் தளத்தின் ஓடையை அவ்வப்போது இறக்கியும் வைத்திருந்தேன். அந்தக் கோப்புகளைத்தான் இப்போது ஒரு பட்டியலாக மாற்றினேன். ஏரி மதகுகள் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய அருமையான பதிவுக்கு நேராக, எழுதியவர் என்று என் பெயர்! கீழே எல்லா வரியிலும் அதே கதை. அவருடைய வலைப்பதிவு இன்று இல்லை. மிச்சம் இருப்பது என் கோப்பில் உள்ள நாலு வரிதான். அதிலும் அவர் பெயர் இல்லை.

இது ஏன் நடந்தது?

2003ல் ஜோஷுவா ஷாக்டர் ஆரம்பித்த டெலிசியஸ்தான் இந்த வகைத் தளங்களைப் பிரபலமாக்கியது. தமிழில் 2004ல் காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் வலைப்பதிவுகளைத் திரட்டியது. பிறகு தமிழிஷ், அதாவது பின்னாளைய இன்ட்லி, வாசகர்களே இணைப்பு கொடுத்து வாக்குப் போடுகிற முறையைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஓடை வடிவங்களில் ஒன்று ஆர்எஸ்எஸ் 1.0. இது ஆர்டிஎஃப் என்ற அடிப்படையில் அமைந்தது. ஆர்டிஎஃப்பில் ஒவ்வொரு தகவலும் நம்ம இலக்கண வகுப்பு வாக்கியம் மாதிரிதான்: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்.

சிக்கல் எழுவாயில் இருக்கிறது. புக்மார்க் ஓடையில் எழுவாயாக சேமிக்கப்பட்ட பக்கத்தின் முகவரியையே வைத்துவிட்டு, ‘கிரியேட்டர்’ புலத்தில் சேமித்தவர் பெயரைப் போட்டால் என்ன அர்த்தம்? "இந்தப் பக்கத்தை உருவாக்கியவர் இவர்" என்று ஆகிறது. தேதியும் அப்படித்தான். நான் சேமித்த நாள், அவர் எழுதிய நாளாகிவிடும். மனுஷன் படித்தால் புரிந்துகொள்வான். நிரலுக்குப் புரியாது, எழுதியிருப்பதை அப்படியே நம்பும். என் நிரலும் நம்பியது. அதைச் சரிபார்க்காதது என் தப்பு.

தீர்வு எளிது. புக்மார்க் ஒரு பொருள், பக்கம் இன்னொரு பொருள். இரண்டுக்கும் தனித்தனி முகவரி வேண்டும். டபிள்யூ3சி-யின் அன்னோடியா திட்டம் இதைச் சரியாகவே யோசித்திருந்தது. அதில் புக்மார்க் தனியாக நிற்கும், ‘ரீகால்ஸ்’ என்ற உறவால் பக்கத்தைச் சுட்டும். சேமித்தவரும் சேமித்த தேதியும் புக்மார்க்கின் கீழே. எழுதியவரும் எழுதிய தேதியும் பக்கத்தின் கீழே. அவ்வளவுதான்.

அடுத்தது குறிச்சொல். நான் ‘அண்ணாமலை’ என்று போட்டு வைத்திருக்கிறேன். அது மலையா, சிதம்பரத்துப் பல்கலைக்கழகமா, 1992ல் வந்த ரஜினி படமா? வெறும் சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. 2005ல் வந்த ஆட்டம் வடிவத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஒரு வகைக்கு ‘டெர்ம்’, ‘ஸ்கீம்’, ‘லேபிள்’ என மூன்று பண்புகள். ‘ஸ்கீம்’ எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று சொல்லும், ‘டெர்ம்’ அந்தப் பட்டியலில் உள்ள அடையாளம், ‘லேபிள்’ நாம் கண்ணால் படிக்கிற பெயர். விக்கிடேட்டா எண்ணை ‘டெர்ம்’ ஆக வைத்துவிட்டால் மலையும் சினிமாவும் கலக்காது.

இதே வழி தலைகீழான சிக்கலுக்கும் உதவும். எங்க ஊரையே கீழ்பென்னாத்தூர், கீழ்பெண்ணாத்தூர், கீழ்ப்பென்னாத்தூர் என்று பல விதமாக எழுதுகிறார்கள். லேபிள் எதுவாக இருந்தாலும் அடையாளம் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் சேரும்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. ‘கோயில்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு மாதிரி முன்னால் வருகிற குறி, பின்னால் வருகிற கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு இரண்டு வேறு சொற்கள். சேமிக்கும்போதே என்எஃப்சி முறையில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது. ‘கோயில்’, ‘கோவில்’ இரண்டையும் இது சேர்க்காது, அதற்கு மேலே சொன்ன அடையாளம்தான் வேண்டும்.

இதெல்லாம் செய்து பட்டியலைத் திருத்திவிட்டேன். ஆசிரியர் எனக்கு எழுதிய பழைய மின்னஞ்சல் ஒன்று கிடைத்ததால் அவர் பெயரை உரிய இடத்தில் போட முடிந்தது. நீங்களும் இணைப்பு சேர்க்கிறவர் என்றால், தளம் கேட்காவிட்டாலும் எழுதியவர் பெயரைக் குறிப்பில் இன்றே எழுதி வையுங்கள். பக்கம் போன பிறகு கேட்க ஆள் இருக்காது.

என் பட்டியலில் சில பதிவுகளை எழுதியது யார் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அங்கே என் பெயர் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.