இரைப்பையும் மூளையும்

மாலை ஐந்து மணி. புதுக்கோட்டைக் கீழராச வீதியில் நடந்து செல்கிறோம். கடையொன்றில் வடை வேகிறது. உண்ட மதிய உணவு இன்னும் செரிக்கவில்லை. வேண்டா என்கிறது அறிவு. ஆயினும், கால்கள் நின்றுவிடுகின்றன. இந்த நொடிப்பொழுதுப் போராட்டத்தில் தோற்பவரை ‘மனவுறுதி இல்லாதவர்’ என்கிறோம். உடல் பருத்த மாணவரை வகுப்பறையில் கேலி செய்வோர் எறிவதும் இதே பழியைத்தான். அப்பழி எவ்வளவு பிழையானது என்பதை ஓர் அறுவை மருத்துவம் காட்டித் தந்திருக்கிறது.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர், 1966இல் இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைத்தார். இன்று மிகுதியாகச் செய்யப்படுவது வேறொரு முறை. இரைப்பையின் முக்கால் பங்கை நீக்கி, எஞ்சியதை ஒரு குழல்போல் அமைத்துவிடுவர். அழகுக்காக அன்று, மிகை உடற்பருமனாலும் அதனோடு வரும் நீரிழிவு முதலிய நோய்களாலும் துன்புறுவோர்க்கே இது. சென்னை, கோவை மருத்துவமனைகளில் இப்போது இது நடைபெறுகிறது. தேவையும் சிறிதன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பத்தில் நால்வர் மிகை எடை கொண்டவர்கள்.

பை சுருங்கினால் உணவு குறையும் என்பதே தொடக்கக் கால எண்ணம். ஆனால், அறுவைக்குப் பின் நோயாளர் பலர் கூறியது வேறு: “வயிறு நிறைந்துவிடுகிறது என்பதைவிட, பசியே எழவில்லை” என்றனர். இதற்கான விடையின் ஒரு பகுதி 1999இல் கிடைத்தது. ஜப்பானிய அறிஞர்களான கோஜிமாவும் காங்காவாவும் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கும் இது, குருதிவழியே சென்று மூளையில் பசியைத் தூண்டுகிறது. குழல் வடிவ அறுவையில் நீக்கப்படுவது பெரிதும் அந்தப் பகுதியே.

பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவருக்கு நேர்வதோ இதற்கு நேர்மாறு. எடை குறையக் குறையக் கிரெலின் மிகுகிறது. உடல் இழந்ததை மீட்கப் போராடுகிறது. முயன்று மெலிந்தவர் மீண்டும் பருப்பதைக் கண்டு நகைப்போர் இவ்வுண்மையை அறியாதவர். ‘பசிப்பிணி’ என்று மணிமேகலை உரைத்தது வறியவரின் பசியை. உணவு நிறைந்த வீட்டிலும் பசி பிணியாகலாம் என்பதை நம் காலம் காண்கிறது.

இனி, எண்ணாமல் துணியும் இயல்பைப் பார்ப்போம். இன்று ஐந்நூறு ரூபாயா, ஒரு மாதம் கழித்து ஆயிரம் ரூபாயா என்று கேட்டால், உடனே கிடைப்பதைப் பற்றுவோர் உண்டு. இவ்வகை வினாக்களால் காத்திருக்கும் ஆற்றலை உளவியலார் அளக்கின்றனர். உடனடி இன்பத்தை நாடுவதில் டோபமின் சார்ந்த நரம்புப் பாதைகளுக்குப் பங்குண்டு. பொறுத்திரு என்று தடுப்பதில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதிக்குப் பங்குண்டு. அறுவைக்குப் பின் எடுத்த மூளைப் படங்கள் சிலவற்றில், கொழுப்பும் இனிப்பும் மிக்க உணவின் படத்தைக் கண்டபோது முதற்பாதையின் கிளர்ச்சி தணிந்திருந்தது. வயிற்றிலிருந்து வரும் செய்தி மாறியதும் மூளையின் தேர்வும் மாறுகிறது. எனினும், பணம் பற்றிய தேர்வுகளிலும் இதே மாற்றம் நிகழ்கிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

அறுவை, மனத்தை முற்றிலும் திருத்திவிடும் என்று கருதுவதும் தவறு. குடலை மாற்றி இணைக்கும் முறையில் மது விரைவாகக் குருதியில் கலக்கிறது. அவ்வறுவை செய்துகொண்டோருள் சிலரிடம் இரண்டாம் ஆண்டு முதல் மதுப்பழக்கச் சிக்கல் மிகுந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வேறு சிலர்க்குச் சில ஆண்டுகளில் பசியும் பழைய உண்ணும் பழக்கமும் திரும்புகின்றன. அதனால், அறுவை மருத்துவரோடு உணவியல் வல்லுநரும் உளவியல் வல்லுநரும் அமர்ந்து, நோயாளரைக் கத்தி படுவதற்கு முன்பும் பின்பும் பல முறை சந்திக்கின்றனர்.