புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

பகல் 1 மணி. கேன்டீனில் டிபன் கேரியரைத் திறந்து வைத்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சாம்பார் சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். ஊர்க்கதை ஓடுகிறது. ஒருவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பிலேயே ஒருவருக்குப் புரையேறுகிறது. முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்ட இருமுகிறார். பக்கத்தில் இருப்பவர் அவருடைய உச்சந்தலையில் தட்டுகிறார்.

"ஊர்ல யாரோ நினைக்கிறாங்கப்பா!"

தமிழர்கள் பிழைப்புத் தேடி எந்த மாநிலத்துக்குப் போனாலும் இந்த வாசகம் மூட்டை முடிச்சோடு கூடவே போய்விடுகிறது. ஊரில் தாயோ மனைவியோ நினைக்கிறாள் என்று எண்ணிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நேரத்தில் தொண்டைக்குள் நடப்பது வேறு. ஒரு பருக்கை, போகக் கூடாத வழியில் எட்டிப் பார்த்துவிட்டது. அந்த வழிக்குப் பெயர் மூச்சுக்குழல்.

நாலு அங்குலக் குழாய்

கழுத்தின் முன்புறம், தொண்டை முடிச்சுக்குக் கீழே விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். அதுதான் மூச்சுக்குழல். வளர்ந்தவர்களுக்கு இதன் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். அதாவது நாலு அங்குலத்துக்குச் சற்று மேல். அகலம் ஓர் அங்குலம்கூட இல்லை. மேலே குரல்வளையில் தொடங்கி, நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கி, அங்கே இரண்டாகப் பிரிந்து இரண்டு நுரையீரல்களுக்கும் போகிறது.

மேடாகத் தட்டுப்படுபவை குருத்தெலும்பு வளையங்கள். மொத்தம் 16 முதல் 20 வரை இருக்கும். வளையம் எதற்கு?

ஊரில் பம்புசெட் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரை உறிஞ்சும் குழாய் வரிவரியாக, விறைப்பாக இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளும் குழாய் விறைப்பாக இருக்க வேண்டியதில்லை. மோட்டார் நின்றதும் அது சப்பையாகக் கிடந்தாலும் நஷ்டம் இல்லை. உறிஞ்சும் குழாய் அப்படி இருந்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாது. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் இதே கதைதான். மூச்சுக்குழல் எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழல் அப்படியல்ல. கவளம் வரும்போது மட்டும் விரிந்துகொடுத்தால் போதும்.

வளையம் முழு வட்டமும் அல்ல. குதிரைக்கு அடிக்கும் லாடம் போலப் பின்பக்கம் திறந்திருக்கிறது. அந்த இடைவெளியைத் தசை மூடியிருக்கிறது. பெரிய கவளம் உணவுக்குழலில் இறங்கும்போது இந்தத் தசை இடம் கொடுக்கிறது. இருமும்போது இதே தசை சுருங்கிக் குழாயைக் குறுக்குகிறது. குறுகிய வழியில் காற்று சீறிப் பாயும். உள்ளே புகுந்த பருக்கையை அடித்து வெளியே தள்ளும்.

கறிக்கடையில் ஆட்டு நுரையீரலோடு தொங்கும் வெள்ளை நிற வரிக்குழாய் இதே மூச்சுக்குழல்தான்.

கேட் மூடும் நேரம்

மூக்கின் காற்றுப் பாதை மேலே, பின்பக்கமாக வந்து தொண்டையில் இறங்குகிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய மூச்சுக்குழல் முன்பக்கம் இருக்கிறது. வாய் முன்னால் இருக்கிறது. சோறு போக வேண்டிய உணவுக்குழலோ பின்னால். ஆகவே காற்றும் சோறும் ஒன்றையொன்று குறுக்கே கடந்தே ஆக வேண்டும். ரயில் பாதையும் சாலையும் சந்திக்கும் லெவல் கிராசிங் மாதிரி.

கிராசிங் என்றால் கேட் வேண்டும். ஒரு வாய் எச்சிலை விழுங்கிப் பாருங்கள். தொண்டை முடிச்சு மேலே ஏறி இறங்கும். அந்த ஒரு கணத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன. குரல்வளை முழுவதும் மேலெழும்பி நாக்கின் அடியில் ஒதுங்குகிறது. இலை போன்ற ஒரு மூடி அதன் வாய்மேல் சாய்கிறது. அதற்கும் கீழே குரல் நாண்கள் இரண்டும் இறுக மூடிக்கொள்கின்றன. மூச்சு நிற்கிறது. சோறு கடந்ததும் எல்லாம் பழையபடி திறந்துகொள்கின்றன. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை, தூங்கும்போதும்கூட, இது நடக்கிறது.

பேசவும் சிரிக்கவும் காற்று வேண்டும். காற்று வர கேட் திறக்க வேண்டும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரிப்பவர், ரயில் வரும் நேரத்தில் கேட்டைத் திறந்துவிடுகிறார். "சாப்பிடும்போது பேசாதே" என்று பாட்டி சொன்னதற்கு உடற்கூறு சாஸ்திரத்தில் இவ்வளவு பெரிய காரணம் இருக்கிறது.

யார் போட்ட வரைபடம்?

இரண்டு வழிகளையும் தனித்தனியாக வைத்திருக்கக் கூடாதா? நாம் விழுங்கும் ஒவ்வொரு துணுக்கும் மூச்சுக்குழலின் வாயைக் கடந்து போக வேண்டியிருக்கிறதே என்று சார்லஸ் டார்வினும் 1859ல் வெளிவந்த தமது நூலில் வியந்திருக்கிறார்.

காரணம் பழங்கதையில் இருக்கிறது. மீனுக்கு மூச்சுக்குழல் கிடையாது. செவுளால் தண்ணீரிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. அதன் மூக்குத் துளை மோப்பத்துக்கு மட்டும்தான். பல கோடி ஆண்டுகளுக்கு முன், பிராணவாயு குறைந்த நீரில் வாழ்ந்த சில மீன்கள், மேலே வந்து வாயால் காற்றை விழுங்கப் பழகின. விழுங்கிய காற்றைத் தேக்க, தொண்டையின் அடிப்பக்கத்தில் ஒரு பை உண்டானது. அந்தப் பைதான் நுரையீரலின் மூதாதை. இன்றும் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் நுரையீரல் மீன்கள் இருக்கின்றன. பிற்காலத்தில் மூக்குத் துளையும் சுவாசத்துக்கு வந்து சேர்ந்தது. மூக்கு மேலே, பை கீழே. நடுவில் சோற்று வழி. பழைய வீட்டில் புதிய அறை கட்டியவர்கள் சமையலறை வழியாகத்தான் அதற்குப் போக முடியும் என்று ஆனது போல!

ஒவ்வொரு குழந்தையும் கருவில் இந்தக் கதையைத் தொட்டுத்தான் வருகிறது. நாலாவது வாரத்தில், பிற்பாடு உணவுக்குழலாகப் போகும் குழாயின் முன்சுவரில் ஒரு மொட்டு அரும்புகிறது. அதுவே மூச்சுக்குழலாகவும் நுரையீரலாகவும் வளர்கிறது. சில ஆயிரம் பிறப்புகளில் ஒன்றில் இரண்டு குழாய்களும் சரியாகப் பிரியாமல், உணவுக்குழல் பாதியில் அடைபட்டு நின்றுவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு வாயில் நுரை தள்ளும். முதல் மடக்குப் பாலிலேயே மூச்சு முட்டும். அந்தக் காலத்தில் இப்படிப் பிறந்த குழந்தை பிழைப்பதில்லை. 1941ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கேமரன் ஹெயிட் என்ற அறுவை மருத்துவர் இரண்டையும் பிரித்து, உணவுக்குழலை இணைத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். இன்று நம் நாட்டிலும் பெரிய குழந்தை மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள்.

மலைப்பாம்பின் தந்திரம்

தவளைக்கு மூச்சுக்குழல் என்று சொல்லும்படி ஏதுமில்லை. கழுத்தே இல்லாததற்குக் குழாய் எதற்கு?

மலைப்பாம்பு கெட்டிக்காரன். தன் தலையைவிடப் பெரிய இரையை விழுங்க அதற்கு வெகு நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் தொண்டை அடைபட்டால் மூச்சு என்னாவது? அதன் மூச்சுக்குழலின் வாய், வாயின் தரையிலேயே முன்பக்கமாக இருக்கிறது. இரை வாயை அடைக்கும்போது அந்தத் துளையைக் குழாய் நீட்டுவது போல வெளியே தள்ளி, பக்கவாட்டில் மூச்சு விடுகிறது.

கங்கையில் வாழும் டால்பினுக்கும் கடல் டால்பினுக்கும் இன்னும் நல்ல ஏற்பாடு. அதன் குரல்வளை வாத்து மூக்குப் போல நீண்டு, மேலே உள்ள மூக்குப் பாதைக்குள் செருகி நிற்கிறது. மீன் அதன் இரு பக்கமாகவும் நழுவி உள்ளே போகும். வாய் வழியாகத் தண்ணீர் போய் நுரையீரலில் இறங்கிவிடும் என்ற பயம் குறைவு.

பறவைகளின் மூச்சுக்குழலில் வளையங்கள் முழு வட்டம். கோழிக் கழுத்தைச் சமைத்தவர்களுக்குத் தெரியும். மனிதனுக்குக் குரல் பிறப்பது குழாயின் மேல் முனையில். பறவைக்கோ கீழ் முனையில், குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில். சேவல் கூவுவது கழுத்தின் மேல்பகுதியில் பிறக்கும் ஒலியல்ல. நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி வருவது.

உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், குஜராத் பக்கம் வேலை பார்ப்பவர்கள் வயல் ஓரங்களில் ஆள் உயரத்துக்கு நிற்கும் சாரஸ் கொக்கைப் பார்த்திருக்கலாம். உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை அது. ஜோடியாக நின்று அவை எக்காளம் ஊதுவது போலக் கத்தினால் வெகு தூரம் கேட்கும். ரகசியம் மூச்சுக்குழலில் இருக்கிறது. நீண்ட கழுத்து போதாதென்று, குழல் நெஞ்செலும்புக்குள் புகுந்து சுருண்டு திரும்பி வந்து அப்புறம்தான் நுரையீரலுக்குப் போகிறது. நாதஸ்வரக்காரர் கையில் எவ்வளவு நீளக் குழல் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் குரல் கனம். குஞ்சுக்கு இந்தச் சுருள் கிடையாது. வளர வளரத்தான் சுற்றிக்கொள்கிறது.

பேச்சுக்குக் கொடுத்த விலை

கைக்குழந்தைக்குக் குரல்வளை உயரத்தில், மூக்குப் பாதைக்கு அருகில் இருக்கிறது. அதனால்தான் பால் குடித்துக்கொண்டே அநேகமாக மூச்சும் விட முடிகிறது. வளர வளரக் குரல்வளை கீழே இறங்குகிறது. மேலே உண்டான இடம் பெரிய ஒலிக்கூடமாகிறது. அ, இ, உ என்று எழுத்துகளைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல இந்த இடம் உதவுகிறது என்பது பல விஞ்ஞானிகளின் கருத்து. கூடவே, பருக்கை வழி தவறவும் இடம் ஏற்படுகிறது.

ஓயாத துப்புரவுப் பணி

குழாயின் உட்புறம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள். மேலே மெல்லிய சளிப் படலம். பஞ்சாலைத் தூசி, சிமென்ட் தூசி, ரோட்டுப் புழுதி எல்லாம் சளியில் ஒட்டிக்கொள்கின்றன. நுண்மயிர்கள் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, அந்தச் சளியை மெல்ல மெல்லத் தொண்டைக்கு ஏற்றிவிடுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம்.

பீடி, சிகரெட் புகை பட்டால் இந்த நுண்மயிர்கள் சோர்ந்துவிடுகின்றன. நாளாவட்டத்தில் அழிந்தும் போகின்றன. துப்புரவு நின்ற தெருவில் குப்பை சேர்வது போலச் சளி தேங்குகிறது. காலையில் எழுந்ததும் குழாயடியில் நின்று பத்து நிமிடம் இருமுகிறாரே பழைய புகைக்காரர், நுண்மயிர் செய்ய வேண்டிய வேலையை இருமல் செய்கிறது. தூசி நிறைந்த இடத்தில் வேலை செய்பவர் புகையும் பிடித்தால் கேடு இரட்டிப்பு.

வேர்க்கடலை ஆபத்து

பருக்கை என்றால் இருமலில் வந்துவிடும். வேர்க்கடலை அப்படியல்ல. கடைவாய்ப் பல் முளைக்காத குழந்தையின் கையில் கடலையைக் கொடுக்கிறோம். ஓடிக்கொண்டே தின்கிறது, விழுகிறது, அழுகிறது. அழுகையில் இழுத்த மூச்சோடு கடலை உள்ளே போய்விடுகிறது. அங்கே ஈரத்தில் ஊறிப் பருக்கும். அதன் எண்ணெய் குழாயைப் புண்ணாக்கும். எக்ஸ்ரேயில் கடலை நேரடியாகத் தெரிவதும் இல்லை. திடீரென இருமிய குழந்தை அப்புறம் சும்மா இருந்தாலும், சில நாள் கழித்து இழுப்போ காய்ச்சலோ வந்தால், "கடலை தின்றபோது இருமினான்" என்ற ஒரு சொல்லை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலது நுரையீரல் பக்கம்தான் போகும். வலது கிளை அகலமாகவும் நேராகவும் இருப்பதே காரணம். ஜெர்மனியில் குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர் 1897ல் குழாய் வடிவக் கருவியை வாய் வழியாகச் செலுத்தி, ஒரு விவசாயியின் நுரையீரல் கிளையிலிருந்து எலும்புத் துண்டை எடுத்தார். அமெரிக்க டாக்டர் செவாலியர் ஜாக்சன் இந்த வித்தையை வளர்த்து, நோயாளிகளின் தொண்டையிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுத்த ஊசி, பொத்தான், காசு என 2,000க்கு மேற்பட்ட பொருள்களைச் சேர்த்து வைத்தார். பிலடெல்பியாவில் ஒரு மருத்துவ அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன.

அந்த நாலு நிமிடம்

புரையேறியவர் சத்தமாக இருமுகிறார், பேச முடிகிறது என்றால் பயமில்லை. இருமட்டும். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம். உச்சந்தலையில் தட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

சத்தமே வராமல், பேச முடியாமல், இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முகம் நீலம் பாய்ந்தால் குழாய் அடைபட்டுவிட்டது. மூளை பிராணவாயு இல்லாமல் நாலைந்து நிமிடம்தான் தாங்கும். ஆட்டோ பிடிக்க ஓடினால் நேரம் போய்விடும். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யட்டும். இன்னொருவர் உடனே வேலையைத் தொடங்க வேண்டும். அவரை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தடவை பலமாக அடிக்க வேண்டும். வரவில்லையா? பின்னால் நின்று இரு கைகளாலும் அணைத்து, ஒரு கையை மூடி, தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, இன்னொரு கையால் அதைப் பற்றி, உள்நோக்கி மேலாக ஐந்து தடவை வெட்டி இழுக்க வேண்டும். நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று அடைப்பைத் தள்ளிவிடும். ஹென்றி ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க டாக்டர் 1974ல் வெளியிட்ட முறை இது. அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நினைவு தப்பினால் தரையில் படுக்க வைத்து, நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அழுத்தக் கூடாது. நடு நெஞ்சில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயிற்றில் கை வைக்கக் கூடாது. முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்ந்திருக்க, முதுகில் ஐந்து அடி. பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். வயிற்றில் அழுத்தி எடுத்தவரை, பிழைத்துவிட்டாரே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். உள்காயம் பட்டிருக்கலாம்.