அச்சுப்படியும் மூலப்படமும்: ஓவியர் சங்கரை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கதைப்படங்களையும் சித்திரக்கதைகளையும் ஆராய்வோர் பெரும்பாலும் அச்சிட்ட இதழையே சான்றாகக் கொள்கின்றனர். ஓவியர் தம் கையால் வரைந்த மூலப்படம் அதனின் வேறான சான்றாகும். ஓவியரைப் போற்றுதல் மூலப்படத்தைப் பேணுதலோடு இணையும்போதே முழுமை பெறும் என்பதைக் கொங்கு நாட்டில் பிறந்த ஓவியர் சங்கரின் பணியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மூலப்படம், அச்சுப்படி, அம்புலிமாமா, சங்கர், பதிப்புரிமை, ஆவணக்காப்பு.

முன்னுரை

தாராபுரத்தை அடுத்த காரத்தொழுவில் பிறந்த கே.சி. சிவசங்கரன், 'சங்கர்' என்னும் பெயரால் அறியப்பட்டவர். தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். 1946இல் கலைமகளில் சேர்ந்தார். 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்து, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவ்விதழுக்காக வரைந்தார். உருவிய வாளுடன், வேதாளம் குடிகொண்ட உடலைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தன் உருவம் அவர் கைவண்ணமே. 2020 செப்டம்பர் 29இல் அவர் மறைந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மூலப்படம் தரும் சான்றுகள்

எழுத்துக்கோப்பு அச்சுக் காலத்தில் ஓவியம் நேரடியாக அச்சேறுவதில்லை. வரைதாளில் மையால் வரைந்த கோட்டோவியத்தைப் புகைப்படமெடுத்து, வேண்டிய அளவுக்குச் சுருக்கி, துத்தநாகத் தகட்டில் படியவைத்து, அமிலத்தால் அரித்துப் 'பிளாக்' செய்வர். மை படிந்தது, படியாதது என்னும் இரு நிலைகளையே கோட்டுப் பிளாக் அறியும். ஆகவே மூலத்தில் உள்ள பென்சில் அடிக்கோடும், வெள்ளை வண்ணம் பூசித் திருத்திய இடமும், மையின் அடர்வேறுபாடும் அச்சில் மறைந்துவிடுகின்றன. மென்மையான கோடுகள் சில சமயம் அறுந்தும் தடித்தும் போகின்றன.

ஏட்டுச்சுவடிக்கும் அச்சுநூலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த தமிழாய்வாளருக்கு இது புதிதன்று. ஓவியரின் முடிவுகள் எவை, அச்சுமுறையால் நேர்ந்த மாற்றங்கள் எவை என்று பிரித்தறிய மூலப்படமே துணைசெய்யும். அம்புலிமாமா பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. கதை மொழிதோறும் மாறியது; படம் மாறவில்லை. அந்த வகையில் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான பனுவல் படமே எனலாம்.

பெயரும் உரிமையும்

சங்கரின் பெயரை வாசகர் அறிந்திருந்தனர். எல்லா ஓவியர்க்கும் அந்நிலை வாய்க்கவில்லை. சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியே தமிழ்ச் சிறுவர்களைக் கவர்ந்த இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அக்கதை முதலில் வெளிவந்த பிரித்தானிய வார இதழ்களில் ஓவியர் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவில் ஜாக் கிர்பி தம் மூலப்பக்கங்களுக்காக மார்வெல் நிறுவனத்தோடு நெடுங்காலம் போராடினார். 1987இல் அவருக்குத் திரும்பக் கிடைத்தவை அவர் வரைந்தவற்றில் ஒரு பகுதியே.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17இன்படி, இதழ் நிறுவனத்தின் பணியாளர் அவ்விதழுக்கென வரைந்த படத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, நிறுவனத்துக்கு உரியது. பிற வகைகளில் ஓவியரே முதல் உரிமையாளர். பிரிவு 53அ, உரிய தகுதியுடைய ஓவியருக்கோ அவர்தம் சட்டப்படியான வாரிசுகளுக்கோ, மூலப்படத்தின் மறுவிற்பனை விலை 10,000 ரூபாயைக் கடக்கும்போது, 10 விழுக்காட்டுக்கு மிகாத பங்கை அளிக்கிறது. பதிப்புரிமை வேறு, வரைதாளின் உடைமை வேறு. தாளை விலைக்கு வாங்கியவர் அதனாலேயே படத்தை வெளியிடும் உரிமையைப் பெறுவதில்லை.

பேணும் முறை

மூலப்படத்தின் முதற்பகை ஒளி, அடுத்தது ஈரம். அமிலமற்ற தாளுறையில் தட்டையாக வைத்தல், பசைநாடாவை விலக்கல், பின்புறக் குறிப்புகளை அழியாது காத்தல் ஆகியன இன்றியமையாதவை. பின்புறத்தில் உள்ள அளவு, பக்க எண், பதிப்பாசிரியரின் குறிப்பு ஆகியவை படத்தின் காலத்தையும் பயன்பாட்டையும் காட்டும். ஓவியர், கதைத்தலைப்பு, இதழ், மாதம், அளவு, வரைபொருள் ஆகியவற்றைப் பதிந்து இருபுறமும் படியெடுத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1977இல் தொடங்கிய கேலிச்சித்திர நூலகம், ஓவியர் மில்ட்டன் கானிஃப் அளித்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது. ஓர் ஓவியரின் தொகுப்பே ஆய்வு நூலகமாக விரியக்கூடும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

விக்கிரமாதித்தன் படத்தைப் பல தலைமுறையினர் கண்டிருப்பினும், அவர்கள் கண்டது அச்சின் வழிவந்த படியையே. சங்கரின் கோட்டை அறிய அவர் மை தொட்டு வரைந்த தாள் வேண்டும். அச்சிட்ட இதழ் பல பிரதிகளாகப் பரவியிருப்பதால் ஒன்று அழியினும் மற்றொன்று கிடைக்கலாம், மூலப்படமோ ஒன்றே. கோவையை மையமாகக் கொண்ட கொங்குவட்டாரப் பல்கலைக்கழகங்களும் கலைக்கூடங்களும் மண்ணின் ஓவியர்தம் மூலப்படங்களை நன்கொடையாகவோ படியெடுப்பாகவோ திரட்டத் தொடங்கின், விருதால் பெற்ற சிறப்பு ஆய்வாலும் உறுதிபெறும்.